வலது கெண்டைக்கால் மட்டும் ஏன்?

பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியாது. சைக்கிளில் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த மேடு.

அன்று சாயங்காலம் அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மழை நின்று, ஆற்றின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த சமயம். ஈர மணல் வாடை காற்றில் வந்தது. முன்னால் என் மகள் பவித்ரா அவளுடைய சைக்கிளில். பின்னால், செவிலிமேட்டில் ஆளேற்றிக்கொண்டு வந்த டவுன் பஸ்.

அந்த நேரத்தில் என் வலது காலுக்குள் யாரோ கையை விட்டுச் சதையை முறுக்கினார்கள். துவைத்த துணியைப் பிழிவார்களே, அப்படி. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சைக்கிள் என் பேச்சைக் கேட்காமல் இடது பக்கம் போனது. கைப்பிடிச் சுவரில் முழங்கை தேய, சுவருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் உரசாத குறையாகப் போனது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்து, “பாத்து போபா” என்றது.

பவித்ரா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அப்பா, இன்னாபா ஆச்சு?”

“காலு.”

“மறுபடியும் அதேவா? எந்தக் காலு?”

“வலது.”

“போன வாரமும் வலதுதான?”

பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தோம். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் போல ஒரு உருண்டை திரண்டு நின்றது. எனக்கு வலி. அவளுக்கு ஆச்சரியம். “கல்லு மாதிரி இருக்குதுபா” என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் சுவர்மேல் இருந்த காக்கை பறந்தது.

உருண்டை தானாகக் கரைகிறவரை அங்கேயே இருந்தோம். பிறகு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

இந்தத் தொடரில் இதுவரை என் கைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், பிள்ளைகளே. தறியில் நாடா தள்ளுகிற கை, அறுந்த இழையை முடிகிற கை என்று. இந்த வாரம் கால். அதிலும் வலது கால். அதிலும் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கிற ஒரு பிடி சதை.

முன்னால் அவள், பின்னால் நான்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். நான் பட்டு நெய்கிறவன். என் தறி இருப்பது பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு முதலாளி வீட்டுப் பின்கட்டில். என் மனைவி சுமதி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். பவித்ரா காஞ்சிபுரத்தில் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த சைக்கிள் அவளுடையது.

இந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் சேர்த்திருந்தார்கள். பயிற்சி விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. பயிற்சிக்கு வராதவர்களை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆகவே சைக்கிள்தான் வழி.

சுமதி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி போகிற ரோடு, நீளமான பாலம். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். “அவ முன்னாடி, நீங்க பின்னாடி. போறப்பவும் அப்படித்தான், வரப்பவும் அப்படித்தான். அதுக்கு சரின்னா போங்க.”

நான் எப்படியும் தறிக்குப் போகிறவன். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் போதும். சரி என்றேன்.

பாலத்தில் விழுந்த அன்று, கிழிந்த சட்டைக் கையைப் பார்த்துச் சுமதி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பரவாயில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முழங்கையைக் கழுவி மருந்து போட்டாள். அப்புறம்தான் பேசினாள்.

“துணைக்கு போறவரே வுழுந்தா, அந்தப் பொண்ணு நடு ரோட்ல இன்னா பண்ணும்? உங்களப் பாக்குமா, பஸ்ஸப் பாக்குமா?”

மருந்தை மூடி வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

“இந்த வாரம் பாலத்த தள்ளிக்கினே தாண்டுங்க. சனிக்கிழம நான் நூலு வாங்க டவுனுக்கு வரேன். சாயங்காலம் உங்ககூடவே திரும்பி வந்து, என் கண்ணால பாக்கறேன். சரிப்பட்டா சைக்கிளு. இல்லன்னா வெளயாட்டு வேணாம். பஸ்ஸுல ஒழுங்கா ஸ்கூலுக்கு மட்டும் போவட்டும்.”

பவித்ரா அழவில்லை. வெளியே போய்த் தன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டாள். எண்ணெய் தேவைப்படாத செயின் அது.

தலைகீழாகத் தொங்கும் மீன்

கெண்டைக்கால் என்ற பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்காலுக்குப் பின்னாலிருந்து குதிகால்வரை தடவிப் பாருங்கள். மேலே பருத்து, கீழே போகப் போகச் சிறுத்து, வால் போல ஒரு தடித்த நாரில் முடியும். அந்த நார் குதிகால் எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கெண்டை மீனைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரியே இருக்கும். பெயர் வைத்தவர்கள் மீனை நினைத்துத்தான் வைத்தார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பிடித்துக்கொள்ளும்போது அது துள்ளுகிற துள்ளலைப் பார்த்தவன், அப்படித்தான் இருக்கும் என்று நம்புவான்.

அந்தப் பிடிப்பை எங்கள் பக்கம் குரக்களி என்பார்கள். நரம்பு இழுத்துக்கொண்டது என்றும் சொல்வார்கள். பவித்ரா தன் உயிரியல் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

“நரம்பு இல்லபா, தசை. தசைக்கு ரெண்டே வேலைதான். சுருங்கணும், அப்புறம் வுடணும். உன்னுது சுருங்கிட்டு வுட மாட்டேங்குது.”

“ஏன் வுட மாட்டேங்குது?”

“அது புக்குல இல்ல. மிஸ்ஸ கேட்டேன். களைச்சுப்போன தசைக்கு அதிகமா வரும், மத்தபடி முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க.”

என் காலுக்குள் நடக்கிற ஒன்று உலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

மறுநாள் நான் நொண்டிக்கொண்டு தறி வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் பார்த்தவன் வரதன். எனக்கு அடுத்த தறி அவனுடையது. திருவிழாக் காலத்தில் தெருக் கோயில் சாமியைத் தோளில் சுமக்கிற ஆட்களில் அவனும் ஒருவன். கெண்டைக்கால் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

“இன்னா மச்சான், புதுசா ஒரு நடை கத்துக்கினு வந்திருக்கற?”

சொன்னேன்.

“அட, எங்காளுங்களுக்கு புடிக்காததா? பாதி வீதியில புடிச்சிக்கும். சாமிய கீழ போட முடியுமா?”

“அப்ப இன்னா பண்ணுவீங்க?”

“பல்ல கடிச்சிக்கினு நடப்போம். கண்ணுல தண்ணி வரும். ஜனங்க பக்தியில கலங்கறான்னு நெனச்சிக்குவாங்க.”

பக்கத்து அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். வரதன் நாடாவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு மறுபடியும் சொன்னான். “பல்லக்கு எறக்கி வைக்கிற எடத்துல பானகம் குடுப்பாங்க. குடிச்சிட்டு, குதிகால தரையில அழுத்தி, முன்னாடி சாஞ்சிக்கினு கொஞ்ச நேரம் நிப்போம். வுட்டுடும். பானகத்தால வுடுதா, நிக்கறதால வுடுதா, சாமி வுட சொல்றாரா, எனக்கு தெரியாதுபா.”

டீக்கடையில் ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் காலில் கறுப்புக் கயிறு கட்டச் சொன்னார். வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு, உப்புப் போட்ட மோர், முருங்கைக்கீரை என்று வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு சந்தையே சேர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடத் தயாராக இருந்தேன். பவித்ரா விடவில்லை. “எல்லாத்தையும் ஒண்ணா பண்ணா எது கேட்டுச்சின்னு எப்படிபா தெரியும்?” என்றாள். ஒரு நாள் மோர். ஒரு நாள் பானகம். மோர் குடித்த அன்று உடம்பு தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் செவிலிமேட்டைத் தாண்டும்போது வலது கெண்டைக்கால் உள்ளுக்குள் ஒரு தரம் துடித்துக் காட்டிவிட்டு அடங்கியது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது போல.

அப்போதுதான் பவித்ரா அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டாள். “உப்பு கொறஞ்சா ரெண்டு காலுக்குந்தான கொறையும்? தண்ணி கொறஞ்சா ரெண்டு காலுக்குந்தான? வலது மட்டும் ஏன்?”

டாக்டரம்மா கேட்டது

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. காலை அழுத்திப் பார்த்தார், இரண்டு கெண்டைக்கால்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

“பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா கால் வீங்கினா, செவந்து சூடா இருந்தா, சும்மா உக்காந்திருக்கும்போதே வலிச்சிக்கிட்டே இருந்தா, தைலம் தேச்சிட்டு வீட்லயே இருக்காதீங்க. நேரா இங்க வாங்க” என்றார். பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தாலும் இதையே சொல்லுங்கள்.

அப்புறம் கேட்டார். “வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?”

நான் கொஞ்சம் விழித்தேன். எங்கள் தறி வீட்டில் தண்ணீர் வாசலோடு சரி. பட்டில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். தாகம் எடுத்தால் தறிக்குழியிலிருந்து எழுந்து, வெளியே போய்க் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக் காயவைத்துவிட்டு வரவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, இன்னும் கொஞ்சம் நெய்துவிட்டுப் போகலாம், இன்னும் கொஞ்சம் என்று சாயங்காலம் ஆகிவிடும்.

டாக்டரம்மா சிரித்தார். “பட்டு நல்லா இருக்கும். நீங்க?”

அடிக்கடி எழுந்து போய்க் குடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டால் அதே கணம் நிறுத்தி, முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுக்கவேண்டும் என்றார். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாக. விட்டபிறகு தேய்த்துவிடலாம், வெந்நீர்த் துணி வைக்கலாம்.

“ஏன் மேடம் வலது மட்டும்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “தெரியலயே. நீங்க ஓட்டறத நான் பாத்ததில்லையே. கூட வர்றவங்கள பாக்கச் சொல்லுங்க.”

டப், டப்

வெளியே காத்திருந்த பவித்ராவிடம் அதைச் சொன்னேன்.

“நான் எங்க பாக்கறது? நான்தான் முன்னாடி போறேனே” என்றாள். பிறகு சட்டென்று நின்றாள். “ஆனா கேட்டுக்கினு இருக்கறேன்பா. நீ பின்னாடி வரியான்னு நான் திரும்பிப் பாக்கறதே இல்ல. உன் செருப்பு சத்தம் வரும். டப்... டப்... அது வந்துக்கினே இருந்தா அப்பா வந்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம்.”

“செருப்பு எதுக்கு சத்தம் போடுது?”

“குதிகால்ல அடிக்குது.” அவள் கண்ணைச் சுருக்கினாள். “ஆனா ஒரு சுத்துக்கு ஒரு தடவதான் அடிக்குது. ரெண்டு தடவ இல்ல அடிக்கணும்?”

அங்கேயே, சுகாதார நிலையத்தின் வேப்பமரத்தடியில், என்னை முன்னால் போகவிட்டு அவள் பின்னால் வந்தாள். தெருமுனை போவதற்குள் கூப்பிட்டாள்.

“அப்பா, எடது காலு ஒழுங்கா மிதிக்குது. வலது குதிகால் மேல தூக்கிக்கினே இருக்குது. வெரல் நுனியாலதான் மிதிக்கற.”

“நான் அப்படி மிதிக்கலையே.”

“நீ பாத்தியா?”

நான் பார்த்ததில்லை. ஓட்டுகிறவன் ரோட்டைத்தானே பார்ப்பான். ஆனால் அவள் கேட்டது மனதில் நின்றுவிட்டது. சைக்கிளில்தான் பார்த்ததில்லை. தறியில்?

குழிக்குள் இறங்கிய கைபேசி

எங்கள் தறியில் நெய்கிறவன் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பான். குழிக்குள் மிதிகள், அதாவது காலால் அழுத்துகிற பலகைகள், இருக்கும். மேலே நெய்த சேலை மடியை மறைத்துக்கொண்டிருக்கும். கையும் கண்ணும் மேலே, காலெல்லாம் கீழே இருட்டில். எந்த மிதியை எப்போது அழுத்துவது என்று காலுக்குத் தெரியும். நான் நெய்யத் தொடங்கி இத்தனை வருஷத்தில், வேலை செய்கிற என் காலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கும் அன்றைக்குத்தான் வேடிக்கையாக இருந்தது.

வரதனிடம் சொன்னேன். அவன் என் கைபேசியை வாங்கி, விளக்கைப் போட்டு, குழியின் மூலையில் ஒரு காலி நூல் உருளையின்மேல் சாய்த்து வைத்தான்.

“நடிக்காம நெய் மச்சான். கேமராவ பாத்து சிரிக்காத.”

“காலு எப்படிபா சிரிக்கும்?”

“உன் காலு எது வேணா பண்ணும்.”

கொஞ்சம் நெய்துவிட்டு எடுத்துப் பார்த்தோம். இடது கால் சாதுவாக இருந்தது. உள்ளங்கால் முழுதும் மிதியில் படிந்து ஏறி இறங்கியது. வலது கால்தான் வேறு ஆள். சேலையில் பூ வேலைப்பாடு விழவேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியைத் தூக்கவேண்டும். என் தறியில் அதற்கான மிதி வலது பக்கம். கனமான மிதி. அதன் ஓரத்தை விரல் நுனியால் கவ்விப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது என் கால். அழுத்தாத நேரத்திலும் குதிகால் கீழே இறங்கவே இல்லை. அந்தரத்தில் தொங்கியது. கெண்டைக்கால் வில் மாதிரி இழுபட்டு நின்றது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்படித்தான் நின்றிருக்கவேண்டும்.

“என்னோடத எடுபா” என்று வரதன் தன் குழிக்குள் கைபேசியை இறக்கினான். அவனுக்கும் அதே பக்கம்தான் கனமான மிதி. ஆனால் அவன் குதிகால் ஒவ்வொரு மிதிக்கும் பிறகு பலகையில் போய் உட்கார்ந்தது. “பாத்தியா, மாப்பிள்ள வீட்டுக்கு வந்த மாதிரி எப்படி உக்காந்துக்கினு இருக்குது” என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆக, நான் சாயங்காலம் தறியைவிட்டு எழுந்தாலும் என் வலது கால் எழுந்திருக்கவில்லை. பெடலையும் அது பூ மிதி என்றே நினைத்திருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. என் சைக்கிள் சீட்டை நான்தான் கடைக்காரரிடம் சொல்லி உயரமாக ஏற்றி வைத்திருந்தேன். கால் மடங்கினால் எனக்குச் சரிப்படாது. குழிக்குள் தொங்குகிற மாதிரி நேராகத் தொங்கவேண்டும். அப்படித் தொங்கினால் பெடல் கீழே போகும்போது எட்டி மிதிக்கவேண்டியிருக்கும்; இடது கால் எப்படியோ சமாளித்தது, குதிகாலைத் தூக்கியே பழகிய வலது கால் விரல் நுனியிலேயே நின்றுவிட்டது.

சீட்டை இறக்கினோம்

வீட்டு வாசலில் வைத்துச் சீட்டை இறக்கினோம். பவித்ரா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக இருக்கவேண்டும். அப்புறம் விரல்களுக்குக் கீழே இருக்கிற அகலமான பாகத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அந்த அளவுதான் சரி. நான் சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்ள, அவள் தரையில் குந்தி என் காலைப் பிடித்துப் பிடித்து வைத்துப் பார்த்தாள். தையல் மெஷினிலிருந்து சுமதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்பட்டை வைத்த செருப்பு ஒன்றுக்கு மாறினேன். கிளம்புவதற்கு முன்னால் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் சாய்ந்து நிற்கவேண்டும். இது பவித்ராவின் பி.டி. மிஸ் அணிக்குச் சொல்லிக்கொடுத்தது. வரதன் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு நிற்பதும் இதேதான் என்று பிறகு தோன்றியது.

“செவுத்த தள்ளிட்டு போயிடாதீங்க. போன வருசந்தான் பூசினது” என்றாள் சுமதி. அந்த வாரத்தில் அவள் எங்களோடு பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு.

எடுத்தவுடனே வேகமாக மிதிக்காமல் கொஞ்ச தூரம் மெதுவாகப் போனேன். தறியில் இடையிடையே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கால் மட்டும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு மறந்துபோனது. நான் வேறு நினைவில் இருந்தால் குதிகால் தானாக மேலே போய்விடும். பழக்கம் என்பது காலுக்குள் எங்கேதான் இருக்கிறதோ.

ஆனால் வெள்ளிக்கிழமைவரை ஒரு பிடிப்பும் வரவில்லை.

சுமதி ஏறிக்கொண்டாள்

சனிக்கிழமை சாயங்காலம், நூலும் லைனிங் துணியும் வாங்கிய பையோடு சுமதி தறி வீட்டு வாசலில் நின்றாள். பவித்ராவும் வந்துவிட்டாள்.

“அம்மா என் சைக்கிள்ள வரட்டும்பா” என்றாள்.

“ஏன், என்னால முடியாதா? ஏறு சுமதி.”

“வேணாம்பா.”

“நீ முன்னாடி போ. நான் கூட்டிக்கினு வரேன்.”

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். செவிலிமேடுவரை நன்றாகவே போனது. என் குதிகால் எனக்கே தெரியும்படி இறங்கி இருந்தது. சுமதிகூட யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஜாக்கெட் தைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

பாலத்து மேடு வந்தது. பின்னால் ஒரு ஆள் பாரம். நான் எழும்பி அழுத்தினேன். அழுத்தும்போது கால் தனக்குத் தெரிந்த வேலைக்குப் போய்விட்டது. தோலுக்கு அடியில் எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு துடிப்பு. முன்பெல்லாம் அந்தத் துடிப்பை ஏமாற்றிவிடலாம் என்று இன்னும் வேகமாக மிதிப்பேன். இந்த முறை மிதிக்கவில்லை.

“சுமதி, எறங்கு. பவி, நிறுத்து.”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலைத் தரையில் வைத்ததும் பிடித்துக்கொண்டது. அதே முறுக்கு.

பவித்ரா வந்த வேகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. முதலில் இரண்டு சைக்கிளையும் ரோட்டுப் பக்கமாக நிறுத்தினாள், எங்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் வேலி போல. தன் சிவப்புத் துப்பட்டாவை எடுத்து வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி கேரியரில் கட்டினாள். அப்புறம் என்னைச் சுவர் ஓரத்தில் உட்காரவைத்து முழங்காலை நீட்டினாள். ஒரு கையால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விரல்களை என் பக்கமாகத் தள்ளினாள்.

“மூச்ச அடக்காதபா. வுடு. மெதுவா வுடு. கத்தணும்னா கத்து.”

சுமதி முன்னால் கத்த எனக்கு மனசில்லை. டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டு போனது. பவித்ராவின் உள்ளங்கைக்கு எதிரே என் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. எலுமிச்சம்பழம் கரைந்தது. என்னை எழுப்பிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கவைத்தாள். “குதிகால் கீழ” என்றாள்.

சுமதி நூல் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அங்கே செய்ய ஒன்றுமே மிச்சமில்லை.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எதற்குச் சொன்னேன்? பவித்ராவின் பக்கம் திரும்பவே முடியவில்லை. இவ்வளவு நேரம் உறுதியாக இருந்த அவள் குரல் இப்போதுதான் உடைந்தது.

“அம்மா, எல்லாம் சரி பண்ணிட்டோம்மா. இந்த வாரம் வரவே இல்ல. இன்னிக்கி ரெண்டு பேரு வெயிட்டு, அதான்...” மேலே சொல்லாமல் துப்பட்டாவை அவிழ்க்கப் போனாள்.

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள் சுமதி.

“பி.டி. மிஸ். டீம்ல யாருக்கு புடிச்சாலும் பக்கத்துல இருக்கறவதான் பாக்கணும்.”

“சைக்கிள குறுக்க நிறுத்தினியே, அது?”

“அது யாரும் சொல்லல. பஸ்ஸு வருமே.”

மூன்று பேரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாலம் அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது. கீழே மணலில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாலம் முடிந்து எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் சுமதி நின்றாள்.

“பவி, திங்கக்கிழமையிலேருந்து நீ முன்னாடி போவாத.”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவர முன்னாடி வுட்டுட்டு, நீ பின்னாடி போ. அவரு காலு மேல கண்ணு இருக்கட்டும்.”

பவித்ராவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் சுமதியின் கையிலிருந்த பையை வாங்கித் தன் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டாள்.

“துணைக்குப் போறது நான்தான?” என்றேன்.

“ஆமாங்க, யாரு இல்லன்னாங்க?” என்றாள் சுமதி.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் கிளம்பினோம். ஆற்றின்மேல் பனி நின்றது. நான் முன்னால் போனேன். மேடு ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பா, குதிகால்.”

இறக்கினேன்.